டி.என்.ஏ. சேதமும் பழுதுபார்ப்பும்: பலரும் தவறாக எழுதும் இடங்கள்

"புற ஊதாக் கதிர் பட்டால் சடுதிமாற்றம் (டி.என்.ஏ.வின் எழுத்து வரிசையில் நிலைத்துவிடும் மாற்றம்) ஏற்படும்" என்று விடைத்தாளில் பலரும் ஒரே வரியில் எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். நடுவில் முக்கியமான ஒரு கட்டம் விட்டுப்போகிறது.

கதிர் பட்டதும் உண்டாவது சேதம் மட்டுமே. டி.என்.ஏ.வின் எழுத்துகளான நான்கு காரங்களில் தைமின் ஒன்று; ஒரே இழையில் அடுத்தடுத்து இருக்கும் இரண்டு தைமின்கள் ஒட்டிக்கொண்டு இழையை வளைத்துவிடுகின்றன. செல் அதைக் கவனித்து வெட்டியெடுத்துவிட்டால் சடுதிமாற்றமே கிடையாது. சரிசெய்வதற்குள் டி.என்.ஏ. நகலெடுக்கப்பட்டு, சேதத்துக்கு எதிரில், புது இழையில் தவறான காரம் வந்து உட்கார்ந்து, அடுத்த நகலெடுப்பில் அந்தத் தவறுக்குப் பொருத்தமான ஜோடியும் சேர்ந்துவிட்டால்தான் சடுதிமாற்றம் நிலைக்கிறது. அப்புறம் எந்த நொதியாலும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு இழைகளும் கச்சிதமாகப் பொருந்துகின்றனவே!

இந்த ஒட்டலைப் பிரிக்க மனித செல்லில் ஃபோட்டோலயேஸ் என்ற, ஒளியின் உதவியால் இயங்கும் நொதி வேலை செய்வதாக எழுதுவதும் அடிக்கடி கண்ணில் படும். அந்த நொதி பல பாக்டீரியாக்களிலும் தாவரங்களிலும் உண்டு, நம்மிடம் இல்லை. நம் செல்கள் சேதமான இடத்தைச் சுற்றி ஏறத்தாழ 30 நியூக்ளியோடைடுகளை (ஒரு காரத்தைத் தாங்கும் இழையின் அலகுகளை) வெட்டி எறிந்துவிட்டு, எதிர் இழையைப் பார்த்து நிரப்புகின்றன. இந்த வழி பிறவியிலேயே பழுதானவர்களுக்கு சீரோடெர்மா பிக்மென்டோசம் என்ற நோய் வருகிறது. சாதாரண வெயிலே அவர்களுக்குத் தோல் புற்றுநோய் வரை கொண்டுபோய்விடும்.

சேதம் வெளியிலிருந்துதான் வரும் என்று நினைப்பதும் சரியில்லை. உடல் வெப்பமும் தண்ணீரும் போதும்: ஒவ்வொரு செல்லிலும் தினமும் ஆயிரக்கணக்கான பியூரின்கள் (அடினின், குவானின் என்ற காரங்கள்) உதிர்கின்றன, சைட்டோசின் என்ற காரத்தில் சில, ஆர்.என்.ஏ.வில் இருக்கும் யுராசிலாகின்றன. டி.என்.ஏ.வில் யுராசிலுக்கு இடமில்லாததால் தென்பட்டவுடன் ஒரு நொதி அதைப் பிடுங்கிவிடுகிறது. இதைக் கண்டறிந்த தோமஸ் லிண்டால், 2015இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

அதேபோல, எல்லா மியூட்டஜென்களும் (சடுதிமாற்றத்தை உண்டாக்கும் பொருள்களும்) நேரடியாகத் தாக்குவதில்லை. ஈரத்தில் பூஞ்சை பிடித்த நிலக்கடலையில் உருவாகும் அஃப்ளடாக்சின், உள்ளே போகும்போது டி.என்.ஏ.வோடு ஒட்டாது. நச்சை வெளியேற்றப் பார்க்கும் கல்லீரல் நொதிகளே அதை குவானினில் போய் ஒட்டும் வடிவமாக மாற்றிவிடுகின்றன. ஒரு பொருள் சடுதிமாற்றத்தை உண்டாக்குமா என்று பாக்டீரியாவை வைத்துப் பார்க்கும் ஏம்ஸ் சோதனையில் எலியின் கல்லீரல் சாற்றைச் சேர்ப்பது இதற்காகத்தான்.

கடைசியாக, பழுதுபார்ப்பு என்றாலே பழையபடி ஆகிவிடும் என்று முடிவுகட்ட வேண்டாம். இரண்டு இழைகளும் ஒருசேர அறுந்தால், செல் பல நேரம் முனைகளை அப்படியே இணைத்துவிடுகிறது. அதில் சில எழுத்துகள் காணாமல் போகலாம். நகலெடுப்பு முடிந்த செல்லில் மட்டும் சகோதரி குரோமாட்டிடை (அதே குரோமோசோமின் இன்னொரு நகலை) பார்த்துப் பிழையின்றிச் சரிசெய்ய வசதி உண்டு. பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 மரபணுக்கள் உதவுவது அதற்குத்தான். "பி.ஆர்.சி.ஏ. மரபணு இருந்தால் மார்பகப் புற்றுநோய் வரும்" என்று எழுதாதீர்கள். அவை எல்லோரிடமும் இருக்கின்றன. பழுதானால்தான் ஆபத்து கூடுகிறது.