சைக்கிள் போல்ட்டுக்கு வீட்டிலேயே துத்தநாக முலாம்

பழைய சைக்கிளைப் பிரித்தபோது போல்ட்டெல்லாம் ஒரே துரு. துத்தநாக முலாம் பூசினேன். முதல் இரண்டு தடவையும் நகத்தால் சுரண்டினாலே உரிந்துவிட்டது. மூன்றாவது தடவைதான் பிடித்தது.

கரைசல் எளிது. உரக்கடையில் நெல்லுக்கு வாங்கும் ஜிங்க் சல்பேட் 100 கிராம், அரை லிட்டர் பேட்டரி வாட்டர், இரண்டு ஸ்பூன் வினிகர். ஒரு ராத்திரி வைத்துவிட்டுத் தெளிந்ததை மட்டும் துணியில் வடிகட்டுங்கள். துத்தநாகத் தகடு கிடைத்தால் நல்லது. நான் பழைய சாதாரண டார்ச் பேட்டரியின் மேல் ஓட்டைக் கழுவிப் பயன்படுத்தினேன். அல்கலைன் பேட்டரியை வெட்டாதீர்கள், அதன் ஓடு இரும்பு.

இனி நான் தவறவிட்ட இடம். கம்பி பிரஷ்ஷால் தேய்த்துப் பளபளவென்று ஆனதும் சுத்தமாகிவிட்டது என்று நினைத்தேன். ஆனால் கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் பிசுக்கு அப்படியே இருந்தது. இப்போது சலவைச் சோடா கலந்த தண்ணீரில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, கழுவி, சிட்ரிக் ஆசிட் கரைத்த வெந்நீரில் சிறிது நேரம் போடுகிறேன். அப்புறம் நல்ல தண்ணீரில் முக்கித் தூக்கிப் பார்ப்பேன். தாமரை இலைமேல் போலத் தண்ணீர் முத்து முத்தாக ஒதுங்கினால் பிசுக்கு இருக்கிறது, மறுபடி சோடாவில் போட வேண்டும். ஒரே படலமாகப் பரவி நின்றால் சரி. அதற்குப் பிறகு கையால் தொடவே கூடாது, கம்பியில் கட்டித்தான் தூக்க வேண்டும்.

பவர் சப்ளையின் பிளஸ் துத்தநாகத்துக்கு, மைனஸ் போல்ட்டுக்கு. மொபைல் சார்ஜர் வேண்டாம். கரண்டைத் திருகிக் குறைக்க முடிகிற பவர் சப்ளையே என் தேர்வு. சதுர சென்டிமீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் போதும். இரண்டு 8 எம்.எம். போல்ட்டுக்குச் சுமார் கால் ஆம்பியர். கூட்டினால் கறுப்பாக, பொடிப்பொடியாகப் படியும். முக்கால் மணி நேரத்தில் கணக்குப்படி 12 மைக்ரான் ஏறும். பாதியில் போல்ட்டைத் திருப்புங்கள், தகட்டைப் பார்த்த பக்கம்தான் தடிமனாகும்.

ஜன்னலைத் திறந்து வையுங்கள், போல்ட்டிலிருந்து ஹைட்ரஜன் குமிழ் வரும். அந்த ஹைட்ரஜன் கடினமான எஃகுக்குள் புகுந்து அதை உடையவைக்கும். தலையில் 10.9, 12.9 என்று பொறித்த போல்ட்டையும் ஸ்பிரிங்கையும் இதில் போடாதீர்கள். கரைசலை வாய்க்காலில் ஊற்றினால் மீன் சாகும். மூடி வைத்தால் அடுத்த தடவைக்கும் ஆகும்.

பின்சேர்க்கை: மயில்துத்தக் கரைசலில் போட்டால் கரண்ட் இல்லாமலே செம்பு ஏறிவிடுகிறதே, அது போதாதா என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். போதாது. இரும்பு கரைந்து அந்த இடத்தில் செம்பு உட்காருகிறது, பிடிமானம் இருக்காது. துணியால் துடைத்தாலே வந்துவிடும். இரும்பில் செம்பு நிற்க வேண்டுமானால் முதலில் மெல்லிய நிக்கல் பூச்சு கொடுத்துவிட்டு மயில்துத்தத்துக்கு வாருங்கள்.