பழைய பிரம்பு சோபா: கைவைக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எங்கள் வீட்டுத் தார்சாவில், அதாவது முன்கட்டில் கிடந்த மூன்று பேர் உட்காரும் பிரம்பு சோபாவுக்கு அறுபது வருடத்தில் வராத சேதம், பால்காய்ச்சுக்கு முந்தின ஒரே வாரத்தில் வந்தது. புது வீட்டுக்குப் போகிறோம், சோபாவும் புதுசு மாதிரி இருக்கட்டும் என்று ஆளுக்கொரு யோசனை சொன்னோம். ஆச்சி மட்டும் "அது பாட்டுக்குக் கெடக்கட்டும்" என்றாள். கேட்டிருக்கலாம். அதைப் பழையபடி கொண்டுவர இரண்டு வருடம் அலைந்ததில் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் தவறு, வீட்டுக் கதையை வைத்து மரத்தை முடிவு செய்வது. திருநெல்வேலிப் பக்கம் எந்த வீட்டில் கேட்டாலும் பழைய மரச்சாமான் பர்மா தேக்கு என்றுதான் சொல்வார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலேயே தேக்கு விளைகிறது. செங்கோட்டை வழியாகக் கொல்லத்துக்கு 1904லேயே ரயிலும் வந்துவிட்டது. கப்பலில்தான் வந்திருக்க வேண்டும் என்று ஒன்றுமில்லை. பர்மா தேக்கா, மலையாளத் தேக்கா என்று வெறுங்கண்ணால் பார்த்து அடித்துச் சொல்பவரை நான் நம்புவதில்லை.

எங்கள் வீட்டுக் கதை வேறு: சோபா கறுப்பாக இருந்ததால் ஈட்டி மரம் (ரோஸ்வுட்) என்று நம்பினோம். கவிழ்த்துப் போட்டு, காலின் உட்புறம் கட்டைவிரல் நகத்தளவு சுரண்டிப் பார்த்தால் தேன் நிறத் தேக்கு. கறுப்பெல்லாம் பழைய அரக்குப் பாலிஷும், எண்ணெய்த் தலைகளும், கை வியர்வையும் சேர்ந்து ஏறியது. நிறத்தை வைத்து மரத்தைச் சொல்லாதீர்கள். தேக்கைப் புதிதாகச் சுரண்டினால் லேசான எண்ணெய்ப் பசை தட்டும், தோல் சாமான் மாதிரி ஒரு வாசனை வரும். ஈட்டி ஊதா கலந்த பழுப்பு, ஊடே கறுப்பு ரேகை. ஒரு முனையைத் தூக்கினாலே கனம் தெரியும். உங்களுடையது ஈட்டியாக இருந்தால் உடைந்த துண்டைக்கூடக் குப்பையில் போடாதீர்கள். ஈட்டி மரங்களைப் பாதுகாக்கத் தமிழ்நாட்டில் 1990களில் தனிச் சட்டமே வந்தது. ஒட்டுப்போட அதே மரம் தேடுவது லேசுப்பட்ட வேலையில்லை.

வயசு பார்ப்பதும் அப்படித்தான். அடியில் பிளஸ் தலைத் திருகாணி இருந்தால் உடனே "இது புதுசு" என்பார்கள். அந்தத் திருகாணி 1930களில்தான் அமெரிக்காவில் புழக்கத்துக்கு வந்தது என்பது உண்மை. ஆனால் நடுவில் யாரோ ரிப்பேர் பார்த்தபோது போட்டதாகவும் இருக்கலாம். ஒரு ஆணியை வைத்து ஜாதகம் எழுத வேண்டாம்.

இனி எங்கள் பெரிய தவறு. சோபாவின் பிரம்பு தொய்ந்திருந்தது. பிய்த்துவிட்டு பிளைவுட் அடித்து, மேலே ஃபோமும் ரெக்சினும் போட்டுவிடலாம் என்று மாமா சொல்ல, பார்த்துக்கொடுத்த கடைக்காரரும் தலையாட்டினார். பிரம்பு பின்னிய சட்டத்தில் அரை அங்குலத்துக்கு ஒரு துளை வரிசையாக ஓடும். அந்த வரிசையிலேயே ஆணி அடித்தார்கள். தபால் தலையை எங்கே கிழிப்போம்? துளை போட்ட இடத்தில்தானே. சட்டமும் அப்படியே துளைக்குத் துளை விரிசல் விட்டது. மிச்சத் துளைகளை வேறு பட்டி போட்டு அடைத்துவிட்டார்கள்.

இத்தனைக்கும் தொய்ந்த பிரம்பு எல்லாம் கெட்டுப்போன பிரம்பு இல்லை. இழை அறுபடாமல் தொய்வு மட்டும் இருந்தால், சோபாவைக் கவிழ்த்து, பளபளப்பு இல்லாத அடிப்பக்கத்தில் வெந்நீரில் நனைத்த துணியை அரை மணி நேரம் போட்டு, யாரும் உட்காராமல் நிழலில் காயவிட்டால் பெரும்பாலும் இறுகிக்கொள்ளும். எங்களுடையதும் இறுகியிருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது.

இழை அறுந்திருந்தால் மறுபடி பின்னத்தான் வேண்டும். பத்தமடையில் கேட்டுப் பாருங்கள் என்று ஒருவர் அனுப்பினார். அங்கே நெய்வது கோரைப் பாய், அந்தக் கை வேறு, இந்தக் கை வேறு. கடையில் பின்னியே விற்கும் பிரம்பு விரிப்பு, சட்டத்தைச் சுற்றிக் காடி (நீளப் பள்ளம்) எடுத்திருந்தால்தான் உட்காரும். துளை வைத்த சட்டத்துக்குக் கையால்தான் பின்ன வேண்டும்: நெடுக்கில் இரண்டு, குறுக்கில் இரண்டு, மூலைக்கு மூலை இரண்டு என்று ஆறு சுற்று. அப்போதுதான் அந்த எட்டு மூலைக் கண் விழும். எங்களுக்குப் பின்னிக்கொடுத்தவர் பார்வையற்றவர். உட்கார்ந்ததும் சட்டத்தைச் சுற்றி விரலை ஓட்டித் துளைகளை எண்ணினார். பட்டி அடைத்த இடம் வந்ததும் விரல் நின்றது. "இது யார் பார்த்த வேலை?" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை.

அடுத்தது பாலிஷ். பழசு என்றாலே மெஷின் வைத்துத் தேய்த்து, வெறும் மரம் தெரிந்தபின் மினுமினுப்பாக ஏதாவது அடிப்பதுதான் வழக்கமாகிவிட்டது. தேய்க்கும்போது செதுக்கு வேலையின் விளிம்பும் சேர்ந்து போகும். அது திரும்பி வராது. முதலில் நன்றாகப் பிழிந்த சோப்புத் துணியால் அழுக்கை மட்டும் எடுங்கள். அப்புறம் மறைவான இடத்தில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்துப் பாருங்கள். பிசுபிசுத்தால் அரக்குப் பாலிஷ். நல்லதாகப் போயிற்று, தேய்க்கவே வேண்டாம். புதிதாக ஏற்றும் அரக்கு பழைய பூச்சை இளக்கி அதோடு கலந்துவிடும். இப்போது அடிக்கிற மெலமைன், பியூ (பாலியூரித்தேன்) பூச்சுகளுக்கு இந்தக் குணம் கிடையாது. ஈரக்காற்றில் அரக்கு வெளுத்துப் போகும், அதனால் திருநெல்வேலி டவுன், பாளையங்கோட்டைப் பக்கம் ஐப்பசி கார்த்திகையிலும், தென்காசிப் பக்கம் சாரல் மாதங்களிலும் இந்த வேலையை எடுக்காதீர்கள். மாசி பங்குனி தோது.

சோபா ஆடினால் மூட்டில் ஃபெவிகாலை ஊற்றுவது இன்னொன்று. ஃபெவிகால் 1959இல் வந்தது. அதற்கு முந்தைய மூட்டெல்லாம் பொதுவாக வச்சிரம் (விலங்குத் தோல், எலும்புப் பசை) காய்ச்சி ஒட்டியது. காய்ந்த வச்சிரத்தின் மேல் ஃபெவிகால் பிடிக்காது. வெந்நீர்த் துணி வைத்தால் வச்சிரம் இளகும். கழற்றி, சுத்தமாகச் சுரண்டி, பிறகு ஒட்டலாம். கழற்றும்போது கழுந்தையும் (துளைக்குள் நுழையும் மர நாக்கு) அது நுழையும் துளையையும் உற்றுப் பாருங்கள், எதிரெதிரே உளியால் கீறிய கோடுகள் இருக்கலாம். எங்களுடையதில் ஒன்று, இரண்டு, மூன்று என்று இருந்தது. எந்தக் கழுந்து எந்தத் துளைக்கு என்று அந்தக் காலத்து ஆசாரி போட்டுவைத்த கணக்கு அது. மாற்றிச் சேர்த்தால் சோபா கோணும்.

தேங்காய் எண்ணெய் தேய்க்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அது காய்கிற எண்ணெய் இல்லை. தூசியைப் பிடித்துக்கொண்டு சிக்கு நாற்றம் அடிக்கும். ஆளிவிதை எண்ணெய் காயும். ஆனால் அதைத் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்துக் காயப்போடுங்கள்.

பழைய எனாமல் பெயிண்டில் ஈயம் இருக்க வாய்ப்புண்டு. இந்தியாவில் அதற்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்ற வரம்பு நடைமுறைக்கு வந்ததே 2017 நவம்பரில்தான். வீட்டுக்குள், பிள்ளைகள் இருக்கும் இடத்தில் உப்புத்தாள் போட வேண்டாம். பூச்சி அரித்த துளையைப் பார்த்தும் பதற வேண்டாம், அதிலிருந்து வெளிறிய தூள் புதிதாக உதிர்ந்தால் மட்டுமே பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது என்று பயப்பட வேண்டும். தேக்கில் அது பெரும்பாலும் வைரம் பாயாத வெளிறிய ஓரத்தோடு நின்றுவிடும்.

எங்கள் சோபா இப்போது பட்டாசலில் (கூடத்தில்), வெயில் படாமல் ஜன்னலுக்குத் தள்ளி இருக்கிறது. சித்திரை வெயிலில் வாரம் ஒருமுறை பிரம்பின் அடிப்பக்கத்தை ஈரத்துணியால் துடைக்கிறோம். இடது மூலையில் விரிசல் விட்ட ஏழு துளைகளுக்கு உள்ளே தேக்குச் சக்கை வைத்து ஒட்டியிருக்கிறது. அந்த மூலையில் மட்டும் யாரையும் உட்கார விடுவதில்லை.