வேலை போன தேதி எது? இஎஸ்ஐ உதவித்தொகையும் பிஎஃப் பணமும் வாங்க ஒரு செய்முறை

ஆடி முடிய இரண்டு நாள் இருக்கும்போது எனக்கு வேலை போனது. கோவைக்குக் கிழக்கே ஒரு பம்ப் கம்பெனி, அசெம்பிளியில் ஆறு வருஷம். ஆர்டர் இல்லை என்று ஒரே நாளில் பதினேழு பேரை அனுப்பினார்கள். ஊருக்குள் விஷயம் தெரிந்ததும் ஆளுக்கொரு யோசனை. பிஎஃப்பை உடனே எடுத்துவிடு என்றார் ஒருத்தர். இஎஸ்ஐயில் மூன்று மாசம் பாதிச் சம்பளம் தருவார்கள் என்றார் இன்னொருத்தர். அதெல்லாம் பேப்பரில்தான், யாருக்கும் வந்ததில்லை என்றார் சித்தப்பா. மூவர் சொன்னதிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருந்தது. எனக்குப் பணம் கைக்கு வரப் பொங்கல் நோம்பி ஆகிவிட்டது. அதில் ஏறக்குறைய இரண்டு மாசம் நானே செய்த ஒரு தப்பால் போனது.

யுஏஎன் (பிஎஃப்பில் உங்களுக்கான நிரந்தர நம்பர்) ஆக்டிவேட் செய்தது, ஆதாரில் இப்போதைய போன் நம்பர் இருப்பது, இதெல்லாம் ஆயிற்று என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். ஆகவில்லை என்றால் அதை முடித்துவிட்டு வாருங்கள், ஓடிபி வராமல் இதில் ஒரு அடி நகராது.

எதை முதலில் கேட்பது

வேலை போனவருக்கு இரண்டு வாசல் இருக்கிறது. ஒன்று இஎஸ்ஐயின் அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா. பேர்தான் வாயில் நுழையாது, கிளை அலுவலகத்தில் 'அடல் கிளெய்ம்' என்றாலே புரிந்துகொள்கிறார்கள். 2018 ஜூலையில் ஆரம்பித்த திட்டம், அப்போது கால்வாசிச் சம்பளம். 2020 மார்ச் 24 முதல் பாதியாக்கினார்கள். கடைசியாக நான் பார்த்தபோது 2026 ஜூன் 30 வரை நீட்டித்திருந்தார்கள். இன்னொரு வாசல் பிஎஃப்.

என் அபிப்பிராயம், இஎஸ்ஐயை முதலில் கேளுங்கள். பிஎஃப் உங்கள் சொந்தப் பணம், அது எங்கேயும் ஓடிப்போகாது, 2024-25க்கு 8.25 சதவீதம் வட்டி போட்டார்கள், எந்த வங்கி சேமிப்புக் கணக்கில் இது கிடைக்கும்? அடல் பணம் அப்படி இல்லை, வேலை போன தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் கேட்காவிட்டால் போயே போச்சு. ஆயுசில் மொத்தமே 90 நாளுக்குத்தான் அது.

(வேலைவாய்ப்பு அலுவலகத்தில் தமிழக அரசு தரும் உதவித்தொகை வேறு. பத்தாவது தேறாதவருக்கு மாசம் 200, தேறினால் 300, பிளஸ் டூவுக்கு 400, டிகிரிக்கு 600 ரூபாய். பதிந்துவிட்டு ஐந்து வருஷம் காத்திருந்திருக்க வேண்டும், குடும்ப வருமானம் வருஷத்துக்கு 72,000க்குள் இருக்க வேண்டும். வேலை போனதற்காகத் தரும் பணமல்ல, வேலையே கிடைக்காததற்குத் தருவது. இரண்டையும் குழப்பிக்கொண்டு அங்கே போய் வரிசையில் நிற்காதீர்கள், நான் நின்றேன்.)

உங்களுக்கு வருமா, எவ்வளவு வரும்

குறைந்தது இரண்டு வருஷம் இஎஸ்ஐ உள்ள வேலையில் இருந்திருக்க வேண்டும். ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு பங்களிப்புக் காலம், அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. வேலை போவதற்கு முந்தைய காலத்தில் 78 நாள், அதற்கும் முந்தைய மூன்றில் ஏதாவது ஒன்றில் 78 நாள் பணம் கட்டியிருக்க வேண்டும். பீஸ்ரேட்டில் ஓடும் பனியன் கம்பெனிக்காரர்கள் இங்கேதான் மாட்டுவார்கள், மாசம் முழுக்க வேலை செய்திருப்பார்கள், கணக்கில் பத்து நாள்தான் ஏறியிருக்கும். இஎஸ்ஐ போர்ட்டலில் உங்கள் இன்சூரன்ஸ் நம்பரைப் போட்டு உள்ளே போனால் மாசாமாசம் எத்தனை நாள், எவ்வளவு சம்பளம் என்று காட்டும். முதல் வேலையாக அதைப் பிரிண்ட் எடுத்துவிடுங்கள்.

தொகைக் கணக்கு சுலபம். நாலு பங்களிப்புக் காலத்துச் சம்பளத்தைக் கூட்டி 730ஆல் வகுத்தால் ஒரு நாள் சராசரி வரும், அதில் பாதி. மாசம் 15,000 என்றால் இரண்டு வருஷத்துக்கு 3,60,000, ஒரு நாளைக்கு 493 சொச்சம், பாதி 246 ரூபாய் 58 பைசா, 90 நாளுக்கு ஏறக்குறைய 22,190 ரூபாய். இடையில் சம்பளமில்லா லீவு நிறைய எடுத்திருந்தால் குறையும். பணத்தோடு, அந்த நாட்களுக்குக் குடும்பத்துக்கும் சேர்த்து இஎஸ்ஐ மருத்துவமும் உண்டு. அம்மாவுக்குச் சர்க்கரை மாத்திரை சிங்காநல்லூர் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியில் வாங்குகிற என்னை மாதிரி ஆட்களுக்கு அது பெரிய ஒத்தாசை.

ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர்களுக்கும், வயது முடிந்து ஓய்வு பெற்றவர்களுக்கும், விருப்ப ஓய்வில் போனவர்களுக்கும் கிடையாது. அதனால் கம்பெனியில் 'ஒரு ரிசைன் லெட்டர் மட்டும் எழுதிக் குடுத்துருங்க, செட்டில்மென்ட் சீக்கிரம் ஆயிரும்' என்று சொன்னால் அங்கேயே உட்கார்ந்து யோசியுங்கள். ஆள்குறைப்பு என்றால் ஆள்குறைப்பு என்றே எழுதித் தரச் சொல்லுங்கள்.

நான் சறுக்கிய இடம்

வேலை போய் முப்பது நாள் கழித்துத்தான் அடல் கிளெய்ம் கேட்க முடியும். நாள் எண்ணி, செப்டம்பர் மூன்றாவது வாரம் கிளை அலுவலகம் போனேன். கவுன்டரில் இருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க, நீங்க இன்னும் வேலையில இருக்கறீங்கன்னுதானுங்க காட்டுது" என்றார்.

விஷயம் இதுதான். கம்பெனி ஒவ்வொரு மாசமும் அடுத்த மாசம் 15-ஆம் தேதிக்குள் இஎஸ்ஐக்கும் பிஎஃப்புக்கும் கணக்குக் கொடுக்கிறது. ஒருவருக்கு வேலை நாள் பூஜ்யம் என்றால் ஏன் என்று ஒரு காரணம் குறிக்க வேண்டும். லீவு, வேலையை விட்டுவிட்டார், ஆள்குறைப்பு, வேலை இல்லை என்று ஒரு பட்டியலே இருக்கிறது. எங்கள் கம்பெனியில் ஆகஸ்டுக்கு வேலை செய்த நாட்களை மட்டும் போட்டு விட்டுவிட்டார்கள், செப்டம்பருக்குப் பூஜ்யம் போட்டு 'லீவு' என்று குறித்தார்கள். லீவில் இருக்கிறவனுக்கு வேலை போகவில்லையே! கடைசி வேலை நாள் எது என்ற கட்டம் காலியாகவே இருந்தது. வீட்டில் நான் வெட்டியாக இருக்கிறேன், கணக்கில் நீண்ட விடுமுறையில் இருக்கிறேன்.

மூன்று தடவை கேட் வரை போனேன். "அக்கவுன்ட்ஸ்ல சொல்லியிருக்கறனுங்க, போட்ருவாங்க" என்றே மூன்று தடவையும் பதில். நாலாவது தடவை போகவில்லை. 'என் கடைசி வேலை நாள் ஆகஸ்ட் 14, அதை இஎஸ்ஐயிலும் பிஎஃப்பிலும் பதிந்து தரவும்' என்று நாலு வரி எழுதிப் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பினேன். பத்து நாளில் இஎஸ்ஐயில் தேதி ஏறியது. வாய்ப்பேச்சை விடுங்கள், முதல் வாரமே தபால் போடுங்கள்.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். கம்பெனி பிஎஃப்பில் தேதி போடாவிட்டால், கடைசி பங்களிப்பு ஏறி இரண்டு மாசம் கழித்து நாமே போட்டுக்கொள்ளலாம். மெம்பர் போர்ட்டலில் 'மேனேஜ்' போய் 'மார்க் எக்சிட்', ஆதார் ஓடிபி, முடிந்தது. கடைசி பங்களிப்பு வந்த மாசத்துக்குள் எந்தத் தேதியையும் அது ஏற்றுக்கொள்ளும். நான் என்ன செய்தேன், ஆகஸ்ட் மாசச் சம்பளம்தானே என்று ஆகஸ்ட் 31 போட்டேன். மாசக் கடைசி என்றால் கணக்குச் சுத்தமாக இருக்கும் என்று ஒரு நினைப்பு. போட்டதை நாமே மாற்ற முடியாது என்பது போட்ட பிறகுதான் தெரிந்தது.

அப்புறம் அடல் கிளெய்முக்குப் போகும்போது, கெட்டிக்காரத்தனமாக, யாரும் கேட்காமலே பிஎஃப் சர்வீஸ் ஹிஸ்டரியையும் பிரிண்ட் எடுத்து இணைத்தேன். கிளெய்ம் தாளில் 14, பிஎஃப் தாளில் 31. "எதுங்க சரி?" என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிஎஃப் தேதியைத் திருத்தக் கூட்டு அறிவிப்பு (நாமும் கம்பெனியும் சேர்ந்து கொடுக்கும் திருத்த மனு) கொடுத்து, அதைக் கம்பெனி ஒப்புக்கொண்டு, பிஎஃப் அலுவலகம் பார்த்து முடிய ஐப்பசி, கார்த்திகை இரண்டும் போனது.

ஆகவே ஒரு தாளில் உங்கள் கடைசி வேலை நாளைப் பெரிதாக எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். இஎஸ்ஐ, பிஎஃப், கிளெய்ம் தாள், கம்பெனிக் கடிதம், எல்லாவற்றிலும் அதே தேதிதான்.

கிளெய்ம் போடுவது

அடல் கிளெய்மை இஎஸ்ஐ போர்ட்டலில் போட்டு, ஆதார் நகலையும் வங்கிக் கணக்கு விவரத்தையும் அங்கேயே ஏற்றிவிடுங்கள்; ஏற்றாவிட்டால் கிளெய்மைப் பிரிண்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, அந்த நகல்களோடு உங்கள் கிளை அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். நோட்டரி வாக்குமூலம் 2020 நவம்பரிலிருந்து தேவையில்லை. கம்பெனி கையெழுத்துக்கு அலைய வேண்டாம், 2020க்குப் பிறகு தொழிலாளியே நேரடியாகக் கொடுக்கலாம்.

பிஎஃப்புக்கு போன் ஆப் வேண்டாம் என்பேன். மத்திய அரசின் உமங் ஆப்பில் பாக்கி பார்க்கலாம், ஸ்டேட்டஸ் பார்க்கலாம், கிளெய்மும் போடலாம். ஆனாலும் கிளெய்ம் போட எனக்குக் கம்ப்யூட்டர்தான் தோது, அதுவும் விடியற்காலை ஆறு மணிக்கு. பகலில் சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும். பிரவுசிங் சென்டருக்குப் போனால் 50 ரூபாய் கொடுங்கள், பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். நீங்களே தட்டுங்கள்.

படிவம் 19 பிஎஃப் பணத்துக்கு, 10சி பென்ஷன் பங்குக்கு. இரண்டும் தனித்தனி கிளெய்ம், தனித்தனி ஸ்டேட்டஸ். ஒன்று பாஸாகி இன்னொன்று திரும்பி வரலாம், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். பத்து வருஷம் ஆனவர்களுக்கு 10சியில் பணமே வராது, சான்றிதழ்தான். ஆறு மாசத்துக்குக் கீழே என்றால் முன்பு ஒன்றுமில்லை, 2024 ஜூனில் விதியை மாற்றி அவர்களுக்கும் உண்டு என்றாக்கினார்கள்.

எனக்கு வேலை போனபோது இரண்டு மாசம் சும்மா இருந்தால் முழு பிஎஃப்பையும் எடுக்கலாம். 2025 அக்டோபர் 13-ஆம் தேதி மத்திய அறங்காவலர் குழு அந்த இரண்டு மாசத்தைப் பன்னிரண்டாக்கவும், பென்ஷன் பணத்துக்கு 36 மாசமாக்கவும், 75 சதவீதத்தை உடனே எடுக்க விடவும் முடிவெடுத்தது. நீங்கள் கிளெய்ம் போடும் அன்று போர்ட்டல் என்ன காட்டுகிறதோ அதன்படி போங்கள், என் கணக்கை நம்பி இருக்காதீர்கள்.

ஸ்டேட்டஸ் என்ன சொல்கிறது

'அண்டர் ப்ராசஸ்' என்றால் யாரோ மேஜையில் இருக்கிறது என்று அர்த்தம். இருபது நாள் வரை பேசாமல் இருங்கள், தினமும் பார்த்தால் சீக்கிரம் நகராது (நான் பார்த்தேன்).

'ரிஜெக்டட்' என்பது முடிவல்ல. காரணம் அரைகுறை இங்கிலீஷில் ஒரு வரி இருக்கும், அதைச் சரிசெய்துவிட்டு மறுநாளே திரும்பப் போடலாம். எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேருக்குக் காரணம் இனிஷியல். ஆதாரில் 'பழனிச்சாமி கே', பான் கார்டில் 'குப்புசாமி பழனிச்சாமி', கம்பெனியில் 'கே. பழனிசாமி'. நமக்கு மூன்றும் ஒரே ஆள், கம்ப்யூட்டருக்கு மூன்று ஆள். ஆதாரில் உள்ளபடி மற்ற இரண்டையும் மாற்றுங்கள்.

'செட்டில்டு' வந்தும் பணம் வரவில்லை என்றால்தான் எல்லோரும் குழம்புகிறார்கள். பிஎஃப் அனுப்பிவிட்டது, அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். வங்கி அதை வாங்கியதா என்பது வேறு. மூன்று வேலை நாள் பாருங்கள். வரவில்லை என்றால் பெரும்பாலும் ஐஎஃப்எஸ்சி (வங்கிக் கிளையின் கோடு) பழையது. கரூரில் பிறந்த லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு சேர்ந்தது, இந்தப் பக்கம் அந்தப் பாஸ்புக் இல்லாத வீடு குறைவு, பிஎஃப்பில் இன்னும் பழைய கோடையே வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். பிஎஃப் போர்ட்டலின் கேஒய்சி பகுதியில் புதிய கணக்கைச் சேர்த்துவிட்டு, திரும்பிய பணத்தை மறுபடி அனுப்பச் சொல்லிக் குறைதீர் போர்ட்டலில் எழுதுங்கள். நேரில் பேச வேண்டுமென்றால் மாசாமாசம் 27-ஆம் தேதி ஒவ்வொரு மாவட்டத்திலும் பிஎஃப் குறைதீர் முகாம் நடக்கிறது.

இதைப் படித்தவர்கள் கேட்டதில் இரண்டு

அவிநாசியிலிருந்து ஒரு தம்பி, 20-ஆம் தேதியே புதுக் கம்பெனியில் சேர்ந்துவிட்டான், பழைய கம்பெனி வெளியேறிய தேதி 31 என்று போட்டிருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை என்று காட்டுவதால் பழைய கணக்கிலிருந்து புதியதுக்கு மாற்றுவது நின்றுவிட்டது. தம்பி, இதுவும் அதே வியாதிதான், தேதியைத் திருத்து.

இன்னொரு அக்கா, கூட்டு அறிவிப்புக்குக் கம்பெனி கையெழுத்துப் போட மறுக்கிறது என்று எழுதியிருந்தார். 2017 அக்டோபருக்குப் பிறகு வாங்கிய யுஏஎன், ஆதாரோடு சேர்ந்தது என்றால் கம்பெனி தேவையில்லை அக்கா. 2025 ஜனவரியிலிருந்து பேர், பிறந்த தேதி, சேர்ந்த தேதி, விட்ட தேதி எல்லாம் நீங்களே போர்ட்டலில் திருத்தலாம். நான் மாட்டியபோது இந்த வசதி இல்லை. கொஞ்சம் தள்ளி வேலை போயிருந்தால் எனக்கு ஒரு கார்த்திகை மிச்சமாகியிருக்கும்.