‘மூப்பர்’ என்ற சொல்லைப் பொருள்கொள்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருகோணமலையில் நாங்கள் கூடும் வேதபாட வகுப்பில், முப்பது வயதைத் தாண்டாத ஒருவரைச் சபையை நடத்தும் பொறுப்பாளரான மூப்பராக நியமிக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, “தலையில் ஒரு நரைகூட இல்லாதவரை எப்படி மூப்பர் என்பது?” என்று ஓர் ஐயா கேட்டார். கேள்வி ஆதாரமற்றதன்று. நம் மொழியில் மூப்பு என்றால் முதுமைதான். புதிய ஏற்பாட்டின் மூலமொழியான கிரேக்கத்தில் மூப்பரைக் குறிக்கும் ‘பிரெஸ்புத்தெரொஸ்’ என்பதற்கும் வயதில் மூத்தவர் என்பதே நேர்ப்பொருள். பழைய ஏற்பாட்டு எபிரேயத்தில் மூப்பரைக் குறிக்கும் ‘சாக்கேன்’ தாடியைக் குறிக்கும் சொல்லோடு ஒரே வேர் கொண்டது.

ஆனால் வேர்ச்சொல்லின் பொருளையே பதவியின் தகுதியாக்குவதுதான் இதில் நேரும் முதற்பெருந்தவறு. தீமோத்தேயு என்ற இளம் ஊழியருக்கு எழுதப்பட்ட 1 தீமோத்தேயு நிருபத்தின் 4ஆம் அதிகாரத்தில், உன் இளமையைக் குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு நடந்துகொள் என்று 12ஆம் வசனம் சொல்ல, இரண்டே வசனங்கள் தள்ளி, அதே இளைஞர்மேல் ‘மூப்பராகிய சங்கத்தார்’ ஊழியத்துக்கு ஏற்படுத்தும் அடையாளமாகக் கைகளை வைத்த செய்தி வருகிறது. அடுத்த அதிகாரத்தின் முதல் வசனத்தில் அதே கிரேக்கச் சொல் வெறும் வயதைக் குறிப்பதால், நம் மொழிபெயர்ப்பு அங்கே ‘முதிர்வயதுள்ளவன்’ என்று மாற்றிச் சொல்கிறது. 17ஆம் வசனத்திலோ சபையை விசாரிப்பவர்களைச் சொல்லுகையில் ‘மூப்பர்கள்’ என்றே வைக்கிறது. மொழிபெயர்த்தவர்களின் இந்தக் கவனத்தை நாம் மதிக்க வேண்டும்.

சபையை மேற்பார்ப்பவரைக் குறிக்க வேதத்தில் வரும் ‘கண்காணி’ முற்றிலும் வேறொரு பதவி என்று முடிவுகட்டுவதும் அவசரம். அப்போஸ்தலர் 20:17இல் எபேசுவிலிருந்து அழைக்கப்பட்ட மூப்பர்களையே 28ஆம் வசனம் கண்காணிகள் என்கிறது. பிற்காலத்திலேதான் இரண்டும் தனித்தனிப் பதவிகளாயின. மலையகத்திலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பத்தார்க்கு இச்சொல் தோட்டத்துக் கங்காணியை நினைவூட்டக்கூடும். அதுவும் இதன் திரிபே என்றாலும், கூலியாட்களை மேய்க்கும் அதிகாரத்தை மந்தையைப் பேணும் பொறுப்போடு கலக்கலாகாது. மூப்பரை ஆசாரியர் என்பதும் பிழை. பலி செலுத்துகிற ஆசாரியருக்குக் கிரேக்கத்தில் வேறு சொல் உண்டு.

இன்னொன்று நம் இலக்கணத்தால் நேருவது. ‘பட்டணங்கள்தோறும் மூப்பரை ஏற்படுத்தும்படிக்கும்’ என்று தீத்து 1:5இல் வாசிக்கும் இன்றைய காது, ‘அர்’ விகுதியை மரியாதை ஒருமையாகக் கொண்டு, ஊருக்கு ஒருவர் என்று எண்ணிவிடுகிறது. மூலத்தில் அது பன்மை. ஒவ்வொரு பட்டணத்திலும் பலர்.