எதிர்காற்றை முதலில் முடித்துவிடுங்கள்

தேசியப் பூங்காவுக்குள் சைக்கிளில் போய் அதே வழியில் திரும்புவதாக இருந்தால், போகும்போது எதிர்காற்று இருக்கும் திசையைத் தேர்ந்தெடுங்கள். நம்மேல் மோதும் காற்றின் வேகம் 2 மடங்கானால் அதன் தடை சுமார் 4 மடங்காகும். அந்தப் பாட்டைக் கால் சோராதபோதே பட்டுவிடுவது நல்லது. பின்காற்றோடு கிளம்பினால் சொந்த பலத்தில் போவதாகவே தோன்றும், காட்சியில் லயித்து வெகுதூரம் போய்விடுவோம். அப்புறம் தண்ணீரும் தீர்ந்து, களைத்த காலோடு எதிர்காற்றில் மிதிக்க வேண்டிவரும்.

மலைப் பள்ளத்தாக்குகளில் இதை நம்ப வேண்டாம். பெரும்பாலும் வெயில் ஏறியதும் காற்று மேல்நோக்கி வீசும், இரவில் கீழ்நோக்கித் திரும்பும். அதனால் அங்கே காற்றின் திசையைப் பார்க்காமல், வெயில் ஏறுமுன் காலையிலேயே ஏற்றத்தை முடிப்பதுதான் சரி. ஒருவழிச் சுற்றுப்பாதையிலும் இது உதவாது.