சின்ன இரும்புக் கட்டையின் ஆறு பக்கத்தையும் மூலைமட்டமாக்குவது: மில்லிங் மெஷின் பழகுபவர்களுக்கு

ரம்பத்தில் அறுத்த எம்.எஸ். (மைல்டு ஸ்டீல்) துண்டு ஒன்று, ஏறத்தாழ 66×44×29 மி.மீ. அதை 60×40×25 ஆக்க வேண்டும், எல்லா மூலையும் 90 டிகிரியில். கையால் ஓட்டும் மில்லிங் மெஷினில் புதிதாக நிற்பவருக்கு இதைவிட நல்ல பயிற்சி கிடையாது. மூலைமட்டம் வருவதும் வராததும் கட்டரைவிட, ஜாப்பை (வெட்டப்படும் துண்டை) வைஸில், அதாவது டேபிளில் பொருத்திய பிடிகருவியில், எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் இருக்கிறது.

வைஸில் நம்பக்கூடியவை இரண்டுதான்: ஃபிக்ஸ்டு ஜா (அசையாத தாடை), அடிப்பரப்பு. மூவபிள் ஜா (நகரும் தாடை) நகர வேண்டும் என்பதற்காகவே அதன் வழியில் கொஞ்சம் இடைவெளி விட்டிருப்பார்கள். இறுக்கும்போது அது லேசாக மேலே தூக்கும், கூடவே ஜாப்பும் எழும்பும். பலமாக இறுக்கினால் சரியாகிவிடும் என்று புதியவர்கள் நினைப்பார்கள். இன்னும் அதிகமாகத்தான் எழும்பும்.

வைஸை நேராக்குதல்

டேபிளையும் வைஸின் அடியையும் துடைத்துவிட்டு வைஸை வையுங்கள். ஒரு போல்ட்டை ஓரளவு இறுக்கி, மற்றதை லேசாக விடுங்கள். டயல் இண்டிகேட்டரின் (நுண்ணிய விலகலை முள்ளால் காட்டும் அளவி) மேக்னடிக் பேஸை மெஷினின் தலையில் ஒட்டி, முனையை ஃபிக்ஸ்டு ஜாவின் முகத்தில் தொட வையுங்கள். இறுக்கிய போல்ட் பக்கம் பூஜ்யம் வைத்து, டேபிளை நகர்த்தி மறுமுனைக்குப் போங்கள். முள் எவ்வளவு விலகியதோ அவ்வளவுக்கு வைஸை மெதுவாகத் தட்டித் திருப்புங்கள். ஜா முழு நீளத்துக்கும் முள் 0.02 மி.மீ.க்குள் நின்றால் இரண்டு போல்ட்டையும் இறுக்கி, மறுபடி ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். இறுக்கும்போதே நகர்ந்திருக்கும், பெரும்பாலும். தலை சாயும் வகை மெஷின் என்றால் தலையும் நேராக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துவிடுங்கள்.

முதல் முகம்

அகலமான முகம் மேலே வரும்படி, பேரலல்களின் (ஜாப்பை உயர்த்தி வைக்கும், ஒரே உயரமுள்ள சட்டங்கள்) மேல் வைத்து, ஜாவின் நடுவில் பிடியுங்கள். ஓரத்தில் பிடித்தால் மூவபிள் ஜா கோணலாகும். வேறு வழியில்லை என்றால் மறு ஓரத்திலும் அதே அகலமுள்ள துண்டு ஒன்றைக் கொடுங்கள். வெட்ட வேண்டியதற்கு மேல் கொஞ்சம் மட்டும் வெளியே தெரிந்தால் போதும்.

16 மி.மீ. ஹைஸ்பீட் ஸ்டீல் எண்ட் மில் கட்டருக்கு 500 ஆர்.பி.எம். அளவில் வையுங்கள். ஒரு வெட்டுக்கு அரை மி.மீ., கடைசி வெட்டு 0.2 மி.மீ. கட்டர் சுற்றும் திசைக்கு எதிராக ஜாப் வர வேண்டும். திசை மாறினால், டேபிளை நகர்த்தும் திருகில் ஆட்டம் உள்ள பழைய மெஷினில் கட்டர் டேபிளையே இழுத்துக்கொண்டு போய்விடும்.

இரண்டாவது முகம்

எல்லாம் முடிவாவது இங்கேதான். முதல் முகத்தின் பிசிறை அரத்தால் எடுத்து, நீளமான குறுகிய பக்கம் மேலே வரும்படி, அந்த முகத்தை ஃபிக்ஸ்டு ஜாவில் சாத்துங்கள். எதிர்ப்பக்கம் இன்னும் அறுத்த கரடுதான். மூவபிள் ஜா அதை நேரடியாக அழுத்தினால், அந்தக் கோணலுக்கு ஏற்ப ஜாப் திரும்பி, முதல் முகம் ஃபிக்ஸ்டு ஜாவை விட்டு விலகும். அதனால் 10 மி.மீ. பித்தளை அல்லது அலுமினிய உருளைக்கம்பி ஒன்றைப் படுக்கவைத்து, பிடிக்கும் உயரத்தின் நடுவில் மூவபிள் ஜாவுக்கும் ஜாப்புக்கும் இடையில் கொடுங்கள். கம்பி ஒரு கோட்டில் மட்டும் அழுத்துவதால், முதல் முகம் ஃபிக்ஸ்டு ஜாவில் முழுதாக ஒட்டும்.

வெட்டியபின் ஸ்பிண்டிலை நிறுத்தி, பிசிறு எடுத்து, ட்ரை ஸ்கொயரின் (மூலைமட்டம் பார்க்கும் கருவி) கட்டையை முதல் முகத்தில் சாத்தி, பிளேடை இரண்டாவது முகத்தில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். மூலைக்கு அருகில் வெளிச்சம் தெரிந்தால் கோணம் 90-ஐத் தாண்டிவிட்டது. தூரத்து முனையில் தெரிந்தால் குறைவு. முதலில் ஜாவில் தூள் ஏதும் சிக்கியிருக்கிறதா என்று பாருங்கள், பாதி நேரம் காரணம் அதுதான். இல்லையென்றால் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை ஃபிக்ஸ்டு ஜாவுக்கும் ஜாப்புக்கும் நடுவே கொடுங்கள்: கோணம் அதிகம் என்றால் அடியில், குறைவு என்றால் மேலே. பிறகு லேசாக ஒரு வெட்டு.

மூன்று, நான்கு

முதல் முகம் ஃபிக்ஸ்டு ஜாவிலேயே இருக்கட்டும். இரண்டாவது முகத்தைக் கீழே திருப்பி பேரலல் மேல் வையுங்கள், கம்பியும் இருக்கட்டும். வைஸை இறுக்கியபின் ரப்பர் அல்லது பித்தளைச் சுத்தியால் தட்டுங்கள். பேரலல்களை விரலால் தள்ளினால் நகரக் கூடாது. அப்புறம் வைஸ் கைப்பிடியைத் தொடாதீர்கள். மறுபடி இறுக்கினால் ஜாப் மறுபடி எழும்பும். லேசாக ஒரு வெட்டு வெட்டிவிட்டு, 40 மி.மீ.க்கு இறங்குமுன் இரு முனையிலும் வெர்னியர் வைத்து அளந்து பாருங்கள். அளவு வேறுபட்டால் ஜாப் சரியாக உட்காரவில்லை.

நான்காவது சுலபம். முதல் முகம் கீழே, இரண்டும் மூன்றும் ஜாக்களில். இரு பக்கமும் நேராகிவிட்டதால் கம்பி வேண்டாம். தட்டி உட்காரவைத்து 25-க்கு வெட்டுங்கள்.

முனைகள்

ஜாப்பைச் செங்குத்தாக நிறுத்தி, முதல் முகத்தை ஃபிக்ஸ்டு ஜாவில் சாத்துங்கள். வைஸின் அடிப்பரப்பில் ட்ரை ஸ்கொயரை நிறுத்தி, பிளேடை இரண்டாவது முகத்தில் ஒட்டவைத்தபடியே இறுக்குங்கள். முனையை வெட்டி, பிசிறு எடுத்துவிட்டுத் தலைகீழாகத் திருப்பினால், வெட்டிய முனை பேரலலில் உட்காரும். தட்டுங்கள், 60-க்கு வெட்டுங்கள். நீளமான ஜாப் என்றால் நிறுத்தாமல், முனையை ஜாவுக்கு வெளியே சற்று நீட்டிப் படுக்கவைத்து, எண்ட் மில்லின் பக்கவாட்டில் வெட்டலாம். அப்போது மூலைமட்டம் தருவது நீங்கள் டயல் வைத்து நேராக்கிய அந்த ஃபிக்ஸ்டு ஜாவும் மெஷின் தலையும்தான்.

கையுறை வேண்டாம், பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். தூளைத் தள்ளக் கை வேண்டாம், பிரஷ் போதும்.