மிதித்தால் டக் டக்: சைக்கிள் சத்தத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

மே நடுவிலிருந்து அக்டோபர் வரை மியான்மரின் மோல்மீன், தட்டோன் பக்கம் மழைச் சேற்றில் ஓடும் சைக்கிளில் ஏதாவது சத்தம் வந்தே தீரும். உடனே ஸ்பேனரை எடுக்காதீர்கள். ஃபிரேம் குழாய் சத்தத்தைக் கடத்தும். சீட்டில் கிளம்பும் கிறீச், பெடலில் வருவதுபோலக் கேட்கும். எங்கே என்பதை விடுங்கள். எப்போது, எத்தனை முறை என்று கவனியுங்கள்.

1. சமதரையில் வேகமெடுத்து, மிதிப்பதை நிறுத்துங்கள். சத்தம் தொடர்ந்தால் சக்கரத்தைப் பாருங்கள்: மட்கார்டு உரசும், போக்ஸ் கம்பி தளர்ந்திருக்கும், பிரேக் கட்டை ரிம்மைத் தொடும். பின்சக்கரப் பல்சக்கரமான ஃபிரீவீலின் கடகடப்பு இயல்பானது.

2. எழுந்து நின்று மிதியுங்கள். சத்தம் நின்றால் சீட் ஸ்பிரிங்குக்கு ஒரு சொட்டு எண்ணெய், கிளிப் நட்டுக்கு ஒரு இறுக்கு. அவ்வளவுதான்.

3. மிதிக்கும்போது மட்டும் வந்தால் எண்ணுங்கள். பெடலின் இரண்டு, இரண்டரை சுற்றுக்கு ஒரு 'டக்' என்றால் செயினில் ஒரு கண்ணி இறுகியிருக்கிறது. பெடலைப் பின்னோக்கி மெல்லச் சுற்றுங்கள். ஃபிரீவீலைத் தாண்டும்போது அந்தக் கண்ணி துள்ளும். ஓயாத 'கீச் கீச்' என்றால் செயின் காய்ந்திருக்கிறது. ஒவ்வொரு உருளைக்கும் ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு, மேலே நிற்பதைத் துடையுங்கள். தேங்காய் எண்ணெய் வேண்டாம், பிசினாகிவிடும்.

4. பெடல் சுற்றுக்கு ஒரு 'டக்' என்றால், பழைய இரும்பு சைக்கிளில் பெரும்பாலும் காட்டர் பின்தான்: கிராங்கை, அதாவது பெடல் மாட்டிய கையை, அச்சோடு இறுக்கும் ஆப்பு. கிராங்க் இரண்டையும் தரைக்கு இணையாக நிறுத்தி, இரு பெடலையும் கையால் சேர்த்து அழுத்துங்கள். அரைச் சுற்று திருப்பி மறுபடி அழுத்துங்கள். ஒரு கிராங்க் மட்டும் சற்றே இறங்கினால் அந்தப் பக்கத்துப் பின் ஆடுகிறது.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள்: நட்டை மட்டும் முறுக்குவார்கள். நட்டு பின்னை உள்ளே இழுப்பதற்கல்ல, நழுவாமல் பிடிப்பதற்கு. பலமாக முறுக்கினால் மரை போய்விடும். கிராங்குக்கு அடியில் கனமான இரும்பை முட்டுக் கொடுத்து, பின்னின் தலையில் சுத்தியலால் நேராக அடித்து ஏற்றுங்கள். பிறகு நட்டைப் போடுங்கள். கழற்றிய பின்னின் தட்டை முகத்தில் பள்ளம் தெரிந்தால் புதிது வாங்குங்கள். அளவுக்குப் பழையதைக் கடைக்குக் கொண்டுபோங்கள். ஆடவிட்டே ஓட்டினால் கிராங்கின் துளை தேய்ந்து, புதுப் பின்னும் நிற்காது.

5. 'கரகர' என்று அரைத்தால் பேரிங்கில் மண் புகுந்திருக்கிறது. எண்ணெய் ஊற்றினால் மண் இன்னும் உள்ளே போகும். பிரித்து, மண்ணெண்ணெயில் கழுவி, புது கிரீஸ் வையுங்கள். பின்சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பில் வழக்கமாகப் பக்கத்துக்கு 9 குண்டு, கால் அங்குலம். கழற்றும்போதே எண்ணி வையுங்கள். ஒரு குண்டில் புள்ளி விழுந்திருந்தாலும் மொத்தத்தையும் மாற்றுங்கள்.